கொடிப்பந்தலும் கோடைக்காற்றும்

வெயிலுக்குப் பந்தல் இடுவது தமிழருக்குப் புதிய கலையன்று. பழைய இலக்கியங்களிலே 'பந்தர்' என்னும் வடிவில் இச்சொல் பயில்கின்றது. மணவிழாவிற்கு மணப்பந்தல், வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப்பந்தல், கொல்லையிலே அவரைப்பந்தல், பாகற்பந்தல் எனப் பந்தலின் நிழலிலேயே வளர்ந்தவர்கள் நாம். பற்றிப் படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற பாரியைக் கொடையின் எல்லையாகப் போற்றுவதும் நம் மரபேயாகும்.

ஆயினும், தமிழகத்தை விட்டு வந்து ஐதராபாத்திலும் சிக்கந்தராபாத்திலும் வாழ்கின்ற அன்பர் ஒருவர் தம் வீட்டின் பின்புறத்தே நிழலுக்கென்று ஒரு பந்தல் அமைக்க முற்படும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த அனுபவம் பாதி உதவுகிறது. பாதி இடர் செய்கிறது. உதவுவது, நிழலின் அருமையை அறிந்த பாதி. இடர் செய்வது, காற்றைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம். தக்காணத்துக் காற்று நம் கடற்கரைக் காற்றைப் போன்றதன்று. அதன் இயல்பை அறிந்து பந்தலை எவ்வாறு அமைப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் இரண்டு நிலங்களின் வேறுபாட்டை நோக்குவோம். சென்னைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஐதராபாத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. சென்னை கடல் மட்டத்தை ஒட்டியது. ஐதராபாத் கடல் மட்டத்திற்கு மேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பாறைப் பீடபூமியின்மேல் அமர்ந்துள்ளது. கடற்காற்று வந்து மாலைப் பொழுதைத் தணிக்கும் பேறு இந்நகருக்கு இல்லை. நம் ஊரில் மே மாதத்துக் கத்தரி வெயிலுக்கு அஞ்சுவது போல, தெலுங்கு மக்கள் மே இறுதியில் தொடங்கும் 'ரோகிணி கார்த்தெ'க்கு அஞ்சுவர். 1966-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் இந்நகரில் 45.5 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. அந்நாள் ரோகிணிக் கார்த்தெக்குள் அடங்கியதே என்பது கருதத்தக்கது.

இனிக் காற்றுக்கு வருவோம். நம் நாட்டுப் புயல் வங்கக் கடலில் பிறந்து பல நாள் நகர்ந்து கரையை அடைவது. 2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலும், வருமுன்னரே பல நாள்களாக அறிவிக்கப்பட்டவை. கீற்றைப் பிரிக்கவும், தட்டியை அவிழ்க்கவும் மக்களுக்குப் பொழுது இருந்தது. தக்காணத்தின் கோடைக்காற்றோ அத்தகையதன்று. மார்ச்சு இறுதி முதல் சூன் தொடக்கம் வரை, காலையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும். நடுப்பகல் கடந்ததும் முகில் எழும். மாலை நான்கு, ஐந்து மணிக்குப் புழுதியைச் சுழற்றிக்கொண்டு சூறைக்காற்று வந்துவிடும். முகில் எழுவதற்கும் காற்று அடிப்பதற்கும் இடையே சில வேளைகளில் ஒரு மணி நேரம்கூட இராது.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. வெந்து கிடக்கும் நிலத்தின் காற்று மேலெழுகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதனோடு கலக்கிறது. இடிமுகில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திற்கு வளர்கிறது. அங்கே திரண்ட மழையும் ஆலங்கட்டியும் விழத் தொடங்கும்போது, அவற்றைச் சூழ்ந்த காற்றுக் குளிர்ந்து கனத்துக் கீழ்நோக்கிப் பாய்கிறது. தரையில் மோதிய அக்காற்று எல்லாத் திசைகளிலும் சிதறி ஓடுகிறது. கவிழ்த்த குடத்து நீர் தரையில் பரவுவது போன்றது அது. மழைத்துளி விழுமுன்னரே நம் முகத்தில் அறையும் குளிர்ந்த சூறைக்காற்று இதுவே. தெலுங்கர் 'வடகண்ட்ல வான' என்று கூறும் ஆலங்கட்டி மழையும் இதனோடு சேர்ந்து வருவதுண்டு. அது எத்திசையிலிருந்து வீசும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது.

இத்தகைய நிலத்தில் நாம் பெரும்பாலும் செய்வது யாது? நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு தகரத்தையோ நெகிழித் தகட்டையோ போர்த்துவிடுகிறோம். அன்று மாலையே நிழல் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரண்டு தீமைகள் அதனுள் மறைந்துள்ளன. ஒன்று வெப்பம். வெயிலில் காய்ந்த தகரம் தானே ஓர் அடுப்பாகிக் கீழே இருப்போர்மேல் அனலை வீசுகிறது. மற்றொன்று காற்று. இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

காற்றின் அழுத்தம் அதன் விரைவைப் போல் வளர்வதன்று. விரைவின் இருமடிப் பெருக்கத்தைப் போல் வளர்வது. விரைவு இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 24 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு தகரக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். எனவே அதன்மேல் செயற்படும் விசை 270 கிலோ அளவினது. கூரைக்கு அடியில் புகுந்த காற்று அதனை மேல்நோக்கித் தூக்குகிறது. தகரமும் அதனைத் தாங்கும் மெல்லிய குழாய்களும் சேர்ந்து 100, 150 கிலோவுக்குமேல் தேறா. அவற்றைத் தரையோடு பிணைப்பது யாதும் இல்லையெனில், அந்தக் கூரை பறப்பதில் வியப்பில்லை. பறக்கும் தகரம் கூரிய வாளுக்கு ஒப்பானது, அது அடுத்த வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தையின்மேல் விழலாம், மின்கம்பியின்மேல் விழலாம். ஆகவே பந்தலின் உறுதி என்பது நம் பொருளைக் காக்கும் செய்தி மட்டுமன்று. பிறர் உயிரைக் காக்கும் கடமையுமாகும்.

கட்டடங்களை வடிவமைப்போர்க்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 875 என்னும் எண்ணுள்ள விதித்தொகுதியை வெளியிட்டுள்ளது. அதன் மூன்றாம் பகுதி காற்றைப் பற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வன்காற்றின் விரைவை ஊர்தோறும் அது வரையறுத்துள்ளது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிராப்பள்ளிக்கு 47, ஐதராபாத்திற்கு 44, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39. கடலினின்று இத்துணைத் தொலைவில் உள்ள ஐதராபாத், மதுரையைவிடக் கடுங்காற்றுக்கு உரியதாகக் கணிக்கப்பட்டிருப்பதைக் காண்க. நொடிக்கு 44 மீட்டர் என்பது மணிக்கு 158 கிலோமீட்டர். தரையை ஒட்டியும் வீடுகளின் இடையிலும் காற்று இதனினும் தணிந்தே வீசும். எனினும் அடிப்படை அமைக்கும்போது மேலெல்லையையே மனத்திற் கொள்ளுதல் அறிவுடைமை.

இவ்விடத்தே நமக்கு வழிகாட்டத்தக்க ஒரு பந்தல் ஐதராபாத்தின் வரலாற்றிலேயே உள்ளது. அது திராட்சைப் பந்தல். 'அனாப்-இ-ஷாஹி', அதாவது அரசர்க்குரிய திராட்சை, என்னும் பெயருடைய பெரிய வெளிர்நிறக் கனி இந்நகரின் புகழுக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் விரிந்து கிடந்தன. நகரம் பெருகப் பெருக அத்தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. ஆயினும் இராசேந்திரநகரில் திராட்சைக்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. நகருக்கு வெளியே தோட்டங்களும் சில உண்டு. அங்கே பந்தலின் அமைப்பைக் காணலாம். ஆள் உயரத்திற்குச் சற்று மேலாக, ஏறத்தாழ ஏழடி உயரத்தில், கல்தூண்களின்மேலோ இரும்புத் தூண்களின்மேலோ துத்தநாகம் பூசிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஓரத்துத் தூண்கள் நேராக நில்லாமல் வெளிப்புறம் சற்றே சாய்ந்து நிற்கும். அவற்றின் தலையிலிருந்து இழுகம்பி இறங்கி, நிலத்தினுள் புதைத்த கல்லோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

இந்த அமைப்பில் மூன்று பாடங்கள் உள்ளன. கூரை முழுவதும் திறப்புகளே. காற்று அதன் ஊடே சென்றுவிடும் என்பது முதற்பாடம். பந்தலைத் தாங்குவதைப் போலவே, அது மேலெழாமல் கீழே பிடித்து வைப்பதற்கும் வழி செய்யப்பட்டுள்ளது என்பது இரண்டாம் பாடம். நிழல் தருவது கம்பியன்று, இலை. கம்பி இலைக்குத் தாங்கி மட்டுமே என்பது மூன்றாம் பாடம். இலையோ தன் வேர் பருகிய நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. தகரம் போல் அனல் கக்குவதன்று. மேலை நாட்டார் 'பெர்கோலா' என்று வழங்கும் தோட்டப் பந்தலும் இந்தக் கோட்பாட்டின்மீதே அமைந்தது. தெலுங்கில் அதற்குப் 'பந்திரி' என்று பெயர். கோடையில் இங்குள்ளோர் இடும் 'சலுவ பந்திரி' என்பது குளிர்ப்பந்தல் என்றே பொருள்படும். மொழி மாறினும் சொல் நம் சொல்லுக்கு உறவே.

காற்றை எதிர்த்து நிற்கும் பந்தலைவிடக் காற்றுக்கு வழிவிடும் பந்தலே இந்நிலத்திற்கு ஏற்றது என்பது இதுவரை கூறியவற்றின் சாரம். இனி அதனை அமைக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் திசை. ஐதராபாத் வடக்கே ஏறத்தாழ பதினேழரைப் பாகைக் குறுக்குக்கோட்டில் உள்ளது. ஆகவே மே மாதம் 10-ஆம் நாளை ஒட்டியும், ஆகத்து மாதத் தொடக்கத்திலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாள்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்தும் செல்லும். கோடையில் ஞாயிறு ஏறத்தாழ நேர் கிழக்கு மேற்காக வானத்தைக் கடக்கிறது என்பதே இதன் பொருள். பந்தலின் மேற்சட்டங்களைக் கிழக்கு மேற்காக இட்டால், அவற்றின் இடைவெளி வழியே நாள் முழுவதும் வெயில் இறங்கும். வடக்குத் தெற்காக இட்டால், சாய்ந்த வெயிலை அவை தடுக்கும்.

சட்டங்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி வைத்தல் வேண்டும். நான்கு அங்குல உயரமுள்ள சட்டங்களை நான்கு அங்குல இடைவெளியில் நிறுத்தினால், மே மாதத்தில் ஏறத்தாழப் பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் நேர்வெயில் உள்ளே வாராது. இடைவெளியை இரண்டு அங்குலமாகக் குறைத்தால் இரண்டு மணிக்கே வெயில் தடைப்படும். ஆனால் மரச்செலவு ஏறத்தாழ இருமடங்காகும். இடைவெளியை நான்கு அங்குலமாகவே வைத்து, எஞ்சிய நண்பகல் வெயிலைக் கொடியின் பொறுப்பில் விடுவது சிக்கனமான வழி. மேற்குப் பக்கத்தில் தூண்களுக்கு இடையே கம்பி கட்டி, அங்கும் ஒரு கொடியை ஏற்றிவிட்டால் மாலை வெயில் சுவரைச் சுடாது. இரவில் அந்தச் சுவர் அறைக்குள் அனல் வீசுவதும் குறையும்.

அடுத்தது அடிப்படை. இதிலேதான் பெரும்பாலோர் சிக்கனம் பார்க்கின்றனர். பார்க்கக் கூடாத இடமும் இதுவே. 10 அடிக்கு 12 அடிப் பந்தலுக்கு நான்கு தூண்கள் போதும். ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள குழி தோண்டி, அதனைக் கான்கிரீட்டால் நிரப்புக. அந்தக் கட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 380 கிலோ. நான்கும் சேர்ந்து 1,500 கிலோ. நொடிக்கு 44 மீட்டர்க் காற்று, இலைகளால் முற்றும் மூடிய பந்தலைத் தூக்க முயன்றாலும், அந்த விசை ஏறத்தாழ 1,300 கிலோவே. பந்தலின் வடிவுக்கேற்ப இந்த அளவு மாறக் கூடும்; கணக்கை எளிமையாக்கிக் கூறினோம். ஆயினும் அடிப்படையின் எடையே பந்தலைப் பிடித்து வைக்கிறது என்னும் உண்மை இதனால் தெளிவாகும். இதனினும் பெரிய பந்தல் வேண்டுவோர் பொறியாளர் ஒருவரைக் கலந்து கொள்ளுதல் நன்று.

குழி தோண்டும்போது நிலம் தன் குணத்தைக் காட்டும். நகரின் பெரும்பகுதியில் சிறிது மண்ணுக்குக் கீழே 'மொரம்' என்று இங்கு வழங்கும் செம்மண் சரளை உள்ளது. அது உறுதியான அடித்தளம். சில இடங்களில் ஓரடி ஆழத்திலேயே கருங்கல் பாறை தட்டும். அதற்காகக் குழியைக் குறைத்து விட்டுவிடல் ஆகாது. பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பிகளைச் சிமிட்டிச் சாந்தால் பொருத்தி, அவற்றின்மேல் கான்கிரீட்டு இடல் வேண்டும். கரிசல் மண் உள்ள இடங்களில் மழைக்கு மண் உப்பும். கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். அங்கே உறுதியான சரளை தட்டும் வரை ஆழமாகச் செல்க.

தூணுக்கு மரமும் ஆகும், இரும்பும் ஆகும், கல்லும் ஆகும். நம் கடற்கரை ஊர்களில் சவுக்குக் கழியை மணலில் நட்டுப் பழகியவர்கள் இங்கும் அவ்வாறே மரத்தை மண்ணில் புதைக்க முற்படுவர். தக்காணத்துச் செம்மண்ணில் கறையான் மிகுதி; தரையை ஒட்டிய இடத்தில் மரம் இற்றுப்போகும்; மேலே பார்க்கும்போது பழுது தெரியாது. ஆகவே கான்கிரீட்டில் இரும்புத் தாங்கியைப் பதித்து, தரைக்கு இரண்டு அங்குலம் மேலே மரத்தூணை அதில் போல்ட்டால் முடுக்குக. இரும்புக் குழாயாயின் துத்தநாகம் பூசியதை வாங்குக. பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே மறவாமல் துருத்தடுப்பு வண்ணம் பூசுக. கருங்கல் தூண் கிடைக்குமாயின் அதற்குக் கறையானும் இல்லை, துருவும் இல்லை.

பின்னர் மூட்டுகள். ஆணி என்பது கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்க உதவுவது. மேல்நோக்கி இழுக்கும்போது வழுக்கி வெளியே வந்துவிடும். ஆகவே உத்தரம் தூணோடு சேரும் இடத்திலும், சட்டம் உத்தரத்தோடு சேரும் இடத்திலும் போல்ட்டும் இரும்புப் பட்டையும் இடுதல் வேண்டும். தூணுக்கும் உத்தரத்திற்கும் இடையே இரண்டடி நீளமுள்ள சாய்முட்டுகளை இருபுறமும் பொருத்துக. நாற்கோணம் பக்கவாட்டுத் தள்ளுதலுக்கு வளைந்து கொடுக்கும், முக்கோணம் வளையாது. சாய்முட்டு, நாற்கோணத்தின் மூலையை முக்கோணமாக்குகிறது. பந்தலின் ஒரு பக்கத்தை வீட்டோடு சேர்க்க விரும்புவோர் சுவரின் உறுதியான பகுதியில் பொருத்துக. 'சஜ்ஜா' என்று இங்கே சொல்லப்படும் சன்னல் மேற்பலகையிலும், மாடிக் கைப்பிடிச் சுவரிலும் பொருத்துதல் ஆகாது. அவை இத்தகைய இழுப்பைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வீட்டிற்கு வரும் மின்கம்பியினின்று பந்தல் நன்கு விலகி இருத்தலும் இன்றியமையாதது.

இனிக் கொடிகள். பந்தலுக்கு உயிர் தருபவை இவை. திராட்சையை விரும்புவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். தென்னிந்தியாவில் திராட்சைக்கு ஆண்டில் இருமுறை கவாத்து உண்டு: ஏப்பிரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஏப்பிரல் கவாத்துக்குப்பின் கொடி தழைத்து மூடச் சில வாரங்கள் ஆகும். நிழல் மிகவும் வேண்டிய காலத்திலேயே பந்தல் வெறுமையாக நிற்கும். கனியை நாடுவோர்க்கு அது குறையன்று. நிழலை நாடுவோர் வேறு கொடியை நாடுதல் நன்று.

ஆண்டு முழுதும் நிழல் வேண்டுவோர்க்கு இரங்கூன் மல்லி ஏற்றது. தெலுங்கில் அதற்கு 'ராதா மனோகரம்' என்று இனிய பெயர். மாலையில் வெண்மையாக மலர்ந்து, பின்னர் இளஞ்சிவப்பாகிச் செம்மையாக மாறும் மலர் அது. நம் இலக்கியங்கள் போற்றும் குருக்கத்தியும் இந்த வெப்பத்தைத் தாங்குவது. முல்லையும் மல்லிகையும் மணம் தரும். ஆனால் அடர்ந்த நிழல் தாரா. காகிதப்பூக் கொடி வறட்சியைத் தாங்கினும் முள்ளுடையது. குழந்தைகள் உள்ள வீட்டில் தலைக்குமேல் அது வேண்டா. இத்தகைய நிலைக்கொடிகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கட்டையும் இலையுமாகக் கனத்து, காற்றுக்கு வழிவிடாத பாய் போலாகிவிடும். ஆகையால் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திற்குள், கோடைக்காற்றுத் தொடங்குமுன், உலர்ந்த கிளைகளை நீக்கி, வானம் ஆங்காங்கே தெரியுமாறு கொடியைத் திருத்துதல் வேண்டும்.

சிறுகுடும்பத்தினர்க்கு யாம் பரிந்துரைக்கத்தக்கவை காய்க்கொடிகளே. பீர்க்கு, சுரை, புடல், பாகல், கோவை, அவரை ஆகிய அனைத்தும் இங்கே நன்கு வளரும். சந்தையில் விதை கேட்கும்போது இவற்றின் தெலுங்குப் பெயர்கள் உதவும்: பீர்க்கு 'பீரகாய', சுரை 'சொரகாய', புடல் 'பொட்லகாய', பாகல் 'காகரகாய', கோவை 'தொண்டகாய', அவரை 'சிக்குடுகாய'. சனவரி இறுதியில் பீர்க்கும் சுரையும் விதைத்தால் ஏப்பிரலில் பந்தல் மூடும். காற்றுக் கடுமையாக அடித்தாலும் கிழிவது இலையே. பத்து நாளில் மீண்டும் துளிர்க்கும். மழைக்காலத்திற்குச் சூன், சூலை மாதங்களில் மறுவிதைப்பு. மார்கழி, தை மாதங்களில் கொடி ஓய்ந்து பந்தல் திறந்திருக்கும்; ஐதராபாத்தின் குளிர்ந்த காலைகளில் அவ்வெயில் வேண்டப்படுவதே. வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது விலகும் இத்தகைய கூரையை எந்த ஆலையும் செய்து தருவதில்லை. மேலும், ஊரின் சமையலுக்குரிய காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குவது, ஊரைவிட்டு வந்தவர்க்குச் சிறிய ஆறுதலன்று.

பந்தலின் கீழ்த்தரையைப் பற்றியும் ஒரு சொல். தாண்டூர்க் கல்லும் ஷாபாத் கல்லும் இங்கே எளிதில் கிடைப்பவை. ஆனால் முழுவதும் கல் பாவினால் வெயில் படும் ஓரங்கள் சுடும். மழைநீரும் மண்ணுக்குள் இறங்காது. அமரும் இடத்திற்கு மட்டும் கல்லைப் பாவி, எஞ்சியதை மண்ணாகவோ புல்லாகவோ விடுக. தூணின் அடியில் நீர் தேங்காதவாறு தரைக்குச் சிறிது சரிவும் தருக.

கொல்லை இல்லாத அடுக்குமாடி வாழ்வினரும், வாடகை வீட்டில் இருப்போரும் நம்முள் மிகப் பலர். மொட்டைமாடியில் பந்தல் இடுவதாயின் காற்று அங்கே இன்னும் கடுமையாக வீசும் என்பதை நினைவிற் கொள்க. தளத்தில் துளையிட்டால் மழைநீர் கசியும். உரிமையாளரின் இசைவும் குடியிருப்போர் சங்கத்தின் இசைவும் வேண்டும். அவர்களுக்கு ஏற்ற வழி, நிழல்வலையே. அது காற்றை ஓரளவு ஊடுருவ விடுவது; சுருட்டி வைக்க எளியது. வலையின் ஒரு பக்கத்தை உறுதியாகவும், மற்ற மூன்று பக்கங்களை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகவும் கட்டுக. ஏப்பிரல், மே மாதங்களில் வெளியூர் செல்லும்போது வலையைக் கழற்றி வைத்துவிட்டே செல்க. மண் நிரம்பிய பெரிய தொட்டிகளில் கொடி வளர்த்து, கைப்பிடிச் சுவரின் உட்புறத்தே ஏற்றிவிடுவதும் நிழலுக்கு ஒரு வழி. ஆனால் அந்தத் தொட்டிகளின் எடையைத் தளம் தாங்குமா என்பதைத் தெரிந்தவர்களைக் கேட்டு அறிதல் வேண்டும்.

காற்று வரும் நாளில் செய்ய வேண்டுவனவும் சில உள. இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்குரிய எச்சரிக்கைகளை அவ்வப்போது வெளியிடுகிறது. மின்னலைப் பற்றி அறிவிக்கும் 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலியும் உண்டு. வானொலியின் வானிலை அறிக்கையைச் செவிமடுக்கும் பழக்கமும் கைவிடத் தக்கதன்று. மேற்கிலோ கிழக்கிலோ கருமுகில் எழக் கண்டால், தொங்கும் பூத்தொட்டிகளை இறக்குக, நாற்காலிகளை உள்ளே எடுக்க, நிழல்வலையைச் சுருட்டுக. இடி கேட்டபின் பந்தலின் கீழே நிற்றல் ஆகாது. பந்தல் வெயிலுக்கு அடைக்கலமேயன்றி மின்னலுக்கு அடைக்கலமன்று. இரும்புத் தூண் உள்ள பந்தலாயின் இது இன்னும் முதன்மையானது. காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குக.

பந்தல் வேலையைத் தொடங்க நவம்பர், திசம்பர் மாதங்கள் உகந்தவை. மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும். குழி தோண்டுதல் எளிது. மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைக்கும்போது குழியின் ஆழத்தை அடிக்கோலால் அளந்து பார்த்த பின்னரே கான்கிரீட்டு இடச் சொல்லுக. மண்ணுக்குள் மறைந்த பின் அதனை யாரும் அளக்க இயலாது. சனவரியில் விதை, மார்ச்சில் கொடியைத் திருத்துதல், ஏப்பிரலில் நிழல். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், ரோகிணிக் கார்த்தெ வரும்போது பந்தல் பசுமையாக நிற்கும். சூறைக்காற்று வரும்போது அதனை ஊடே செல்லவிட்டு நிற்கும். நாகபுரியிலும் புனேயிலும் பெங்களூரிலும் வாழும் தமிழன்பர்களுக்கும் இம்முறை, அவ்வந்நிலத்தின் காற்றுக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சிறிது மாற்றத்துடன், பொருந்துவதேயாகும். புகுந்த நிலத்தின் இயல்பை அறிந்து, பிறந்த நிலத்தின் பழக்கத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது குடிபெயர்ந்தோர்க்கு எல்லாத் துறையிலும் வேண்டுவது. பந்தல் இடுவதிலும் அஃதே வேண்டும்.